வீடு தரும் இடம், தாய்க்குக் கிடைக்கும் நேரம்: கைக்குழந்தையோடு பழகுவதைச் சூழல் எப்படி வடிவமைக்கிறது?

பார்வையாளர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். கையில் 45 வினாக்கள் அடங்கிய தாள். கைக்குழந்தை விழித்திருக்கும் வேளையாகப் பார்த்து வந்திருக்கும் அவர் ஒரு மணி நேரம்போல அங்கே உட்கார்ந்திருப்பார். தாய் தானாகவே குழந்தையிடம் இரண்டு தடவையாவது பேசினாரா? ஒரு தடவையாவது முத்தமிட்டாரா, தடவிக்கொடுத்தாரா? குழந்தையைப் பார்த்துச் சத்தம் போட்டாரா? கண்ணில் படும்படி 10 புத்தகங்களாவது வீட்டில் இருக்கின்றனவா? நாயோ பூனையோ வளர்க்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே விடைகள்.

அமெரிக்க உளவியலாளர்கள் பெட்டி கால்ட்வெல்லும் ராபர்ட் பிராட்லியும் வடிவமைத்த இந்தப் பட்டியலுக்கு 'ஹோம்' அளவீடு என்று பெயர். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வீட்டுச் சூழலை மதிப்பிட உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் கருவிகளுள் அது ஒன்று. அதன் வினாக்கள் இரண்டு வகை. சில வினாக்கள் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று கேட்கின்றன. மற்றவை வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கின்றன. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும்போது ஒரு முக்கியமான கேள்வி மறைந்துபோகிறது. வீட்டில் இருப்பதற்கும் பெற்றோர் செய்வதற்கும் என்ன உறவு? அறைகளின் எண்ணிக்கை, சத்தம், உடன் வாழும் ஆட்கள், தொட்டில், தரை ஆகியவை தாயும் தந்தையும் குழந்தையிடம் பேசுவதையும் தொடுவதையும் முகம் பார்ப்பதையும் எவ்வாறு மாற்றுகின்றன?

இக்கேள்வி குறித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரண்ட சான்றுகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. பெற்றோரின் பாசம் எந்த வழியாக, எவ்வளவு நேரம், யார் கை மூலமாகக் குழந்தையை எட்டும் என்பதை வீடு பெரிதும் தீர்மானிக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். அப்படியானால், குழந்தையிடம் நிறையப் பேசுங்கள் என்று தாய்க்கு அறிவுரை சொல்லும் எந்தத் திட்டமும் அவர் வாழும் வீட்டைக் கணக்கில் எடுக்காமல் நகர முடியாது.

1. அளவுகோல்கள் பிறந்த விதம்

குழந்தை வளர்ச்சி ஆய்வுகள் நெடுங்காலம் குடும்பத்தை வருமானம், தந்தையின் தொழில், தாயின் படிப்பு ஆகிய மூன்றைக் கொண்டே வகைப்படுத்தின. ஒரே தெருவில் ஒரே வருமானத்தில் வாழும் இரண்டு குடும்பங்கள் குழந்தையை நடத்தும் விதம் முற்றிலும் வேறாக இருக்கலாம் என்பதை அந்த வகைப்பாடு காட்டவில்லை. கால்ட்வெல்லின் முயற்சி இந்தக் குறையிலிருந்து எழுந்தது. பெற்றோர் காட்டும் மறுமொழி, குழந்தையின் செய்கைகளைப் பொறுக்கும் மனம், அன்றாடத்தின் ஒழுங்கு, விளையாட்டுப் பொருள்கள், பெற்றோரின் ஈடுபாடு, அனுபவங்களின் பன்மை என்ற ஆறு பிரிவுகளாக அவர் வீட்டைப் பார்த்தார். வர்க்கம் என்ற முகவரியோடு நின்றுவிடாமல் கதவைத் திறந்து உள்ளே போனது அவருடைய பெரிய பங்களிப்பு.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் தியடோர் வாக்ஸ். வீட்டின் பௌதிகச் சூழலையே தனியாக ஆராய்ந்தவர் அவர். இரைச்சல், நெரிசல், ஆட்கள் வந்துபோகும் வேகம், ஒழுங்கின்மை ஆகியவற்றைச் சேர்த்து 'சூழல் குழப்பம்' என்ற கருத்தை அவரும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்தார்கள். 1995இல் ஆடம் மத்தேனியும் வாக்ஸும் பிறரும் வெளியிட்ட 'கேயாஸ்' அளவீடு 15 கூற்றுகளை மட்டும் கொண்டது. வீட்டில் எப்போதும் அவசரமா, தேவையான பொருள் தேவையான நேரத்தில் கிடைக்கிறதா, நிம்மதியாக யோசிக்க முடியாத அளவுக்குச் சத்தமா என்பன போன்றவற்றுக்குப் பெற்றோரே பதில் சொல்வார்கள். குழப்பம் மிகுந்த வீடுகளில் பெற்றோர் குழந்தையின் அழைப்பைக் கவனிக்காமல் விடுவதும், அதன் விளையாட்டில் குறுக்கிட்டுத் தடுப்பதும் கூடுதல் என்பது இந்த ஆய்வு மரபின் பொதுவான முடிவு.

2. நெரிசல்: எதிரெதிர் முடிவுகள்

1999இல் கேரி எவன்ஸ், லொரெய்ன் மேக்ஸ்வெல், பெட்டி ஹார்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு நெரிசலான அமெரிக்க வீடுகளைப் பற்றியது. அந்த வீடுகளில் பெற்றோர் குழந்தைகளிடம் பேசும் மொழி எளிமையாகவும் சுருக்கமாகவும் இருந்தது. குழந்தையின் ஒலிக்கும் சொல்லுக்கும் அவர்கள் மறுமொழி தருவது குறைந்திருந்ததே அதற்குக் காரணமாகத் தெரிந்தது. பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நீடித்தது. எவன்ஸின் பிற ஆய்வுகளோடு சேர்த்துப் படித்தால் விளக்கம் தெளிவாகிறது. ஒதுங்க இடமில்லாத மனிதர்கள் மனத்தளவில் ஒதுங்குகிறார்கள். சுற்றிலும் இருப்பவர்களைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகுகிறார்கள். அந்தப் பழக்கம் குழந்தையின் குரலையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான முடிவு அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்தது. கென்யாவின் லோகோலி வேளாண் சமூகத்தில் 12 கைக்குழந்தைகளைக் கவனித்த ராபர்ட் மன்றோவும் ரூத் மன்றோவும் 1971இல் எழுதிய கட்டுரை அது. வீட்டில் ஆட்கள் கூடக் கூட, குழந்தை கையில் தூக்கி வைக்கப்பட்ட நேரமும் கூடியது. அழுதால் யாராவது எழுந்து வரும் வேகமும் கூடியது. தாயின் தனிப்பங்கு குறைந்தது. குழந்தைக்குக் கிடைத்த மொத்தக் கவனம் குறையவில்லை.

இரண்டில் எது சரி? இரண்டும் வெவ்வேறு பொருளை அளந்தன என்பதே பொருத்தமான விடை. எவன்ஸ் அளந்தது ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதை. மன்றோ இணையர் அளந்தது ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை. ஆள் கூடுவது வேறு, இடம் குறைவது வேறு. கூடுதலாக இருக்கும் ஆட்கள் குழந்தையைத் தூக்கும் உறவினர்களா, அதே அறையில் தத்தம் வேலையைப் பார்க்கும் களைத்த மனிதர்களா என்பது முடிவைப் புரட்டிப் போடுகிறது.

1950களின் நடுவில் தொடங்கிய 'ஆறு பண்பாடுகள்' ஆய்வும் இங்கு நினைவுகூரத்தக்கது. வட இந்தியாவின் கலாபூர் ராஜபுத்திரர்கள் உட்பட ஆறு சமூகங்களின் தாய்மாரை ஒப்பிட்ட லீ மின்டர்னும் வில்லியம் லாம்பர்ட்டும் 1964இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாயின் நடத்தையில் தெரியும் வேறுபாடுகளில் பெரும்பகுதி குழந்தை வளர்ப்புக் கொள்கையிலிருந்து வருவதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வேலைச்சுமை எவ்வளவு, உறவினர் எவ்வளவு நெருக்கத்தில் வாழ்கிறார்கள் என்பன போன்ற, குழந்தைக்குச் சம்பந்தமே இல்லாதவையாகத் தோன்றும் காரணங்களிலிருந்து வருகிறது. சூசன் சேமூர் 1960களில் தொடங்கிப் புவனேசுவரத்தில் 24 குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதிய நூலும் இதை உறுதிசெய்கிறது. பழைய நகரின் கூட்டுக் குடும்பங்களில் பாட்டி, பெரியம்மா, அக்காள் என்று பல கைகள் குழந்தையைச் சுமந்தன. புதிய தலைநகரின் அரசுக் குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்களில் குழந்தையும் தாயும் எதிரெதிரே தனித்து விடப்பட்டார்கள்.

இதை வைத்து, இந்தியக் குடும்பங்களை நெரிசல் பாதிப்பதில்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. எவன்ஸ் புனே நகரில் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. நெரிசல் மிகுந்த வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே பிணக்கு கூடியிருந்ததை அது காட்டியது. கூட்டு வாழ்க்கைக்குப் பழகிய பண்பாடு என்பது இடமின்மையின் அழுத்தத்தைப் போக்கிவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 சதவீதம் ஒரே அறையில் வாழ்ந்தன என்பதை இதன் அருகில் வைத்துப் படிக்க வேண்டும்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகள் இந்தப் பிரச்சினையை இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றன. 10க்கு 12 அடி அளவில் அடுத்தடுத்து நீளும் அறைகள். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் இருமல் கேட்கும். கொழுந்து பறிக்கப் போகும் தாய் விடிந்ததும் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பரா எனப்படும் தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுச் செல்கிறார். பால் கொடுக்க நடுவில் ஓடி வந்து, மீண்டும் மலைக்கு ஏறுகிறார். பகலில் குழந்தையின் சூழல் பிள்ளைக் காம்பரா. இரவில் அடுப்புப் புகையும் களைப்பும் நிறைந்த ஒற்றை அறை. அந்தத் தாய் குழந்தையிடம் எத்தனை சொற்கள் பேசுகிறார் என்று எண்ணுகிறவர்கள் தோட்டத்தின் வேலை நேரத்தையும் லயன் அறையின் சுவரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

3. இரைச்சலும் திரையும்

சூழலின் எல்லாக் கூறுகளிலும் மிகத் திடமான சான்று கிடைத்திருப்பது பின்னணி ஒலி பற்றித்தான். டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 2 மாதம் முதல் 48 மாதம் வரையிலான 329 குழந்தைகள் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை உடையில் அணிந்திருந்தார்கள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்ட சொற்களில் 770 குறைந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகளும், மாறி மாறிப் பேசிக்கொள்ளும் தருணங்களும் சேர்ந்தே குறைந்தன.

இது உடன்நிகழ்வு மட்டும்தானா? பேச விருப்பமில்லாத பெற்றோர்தான் தொலைக்காட்சியை ஓடவிடுகிறார்களா? அதே ஆண்டில் ஹெதர் கிர்கோரியன் முதலானோர் மாசசூசெட்ஸில் நடத்திய பரிசோதனை இதற்கு விடை தேடியது. ஒன்று, இரண்டு, மூன்று வயதுடைய 51 குழந்தைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஒரு மணி நேரம் ஓர் அறையில் விளையாடினார்கள். பாதி நேரம் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி பின்னணியில் ஓடியது. மீதி நேரம் திரை அணைக்கப்பட்டிருந்தது. அதே பெற்றோர், அதே குழந்தை, அதே பொம்மைகள். திரை ஓடியபோது பெற்றோர் பேசுவதும் குறைந்தது, பேசிய விதத்தின் தரமும் குறைந்தது. பெற்றோரின் குணம் அரை மணி நேரத்தில் மாறிவிடவில்லை. மாறியது அறையின் ஒலி.

கைபேசிக் காலத்திலும் இந்தப் போக்கு தொடர்கிறது. 220 ஆஸ்திரேலியக் குடும்பங்களை 12 மாதம் முதல் 36 மாதம் வரை பின்தொடர்ந்து 2024இல் வெளியான ஆய்வில், மூன்று வயதில் கூடுதலான ஒவ்வொரு நிமிடத் திரை நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து கேட்ட சொற்களில் 6.6 குறைந்திருந்தன.

ஆனால் எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சி ஒரே பொருளைத் தருவதில்லை. மூன்று அறை வீட்டில் அது கூடத்தில் ஓடும். தாயும் குழந்தையும் உள்ளறைக்குப் போகலாம். ஓரறை வீட்டில் மாமனார் செய்தி பார்க்கும் நேரமும் குழந்தை விளையாடும் நேரமும் ஒரே இடத்தில் மோதுகின்றன. இரைச்சலிலிருந்து குழந்தை விலகியிருக்கக்கூடிய ஒதுங்கிடம் ஒன்று வீட்டில் இருந்தால் பாதிப்பு குறைகிறது என்பதை வாக்ஸ் வலியுறுத்தியது இதனால்தான். திரையை அணையுங்கள் என்ற அறிவுரை, அணைக்கும் அதிகாரம் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைத் தொடாமல் போனால் மருமகளின் தலையில்தான் விழும்.

4. தரை, தொட்டில், தாழ்வாரம்

பொருள்களும் உடல் நிலைகளும் பழகும் விதத்தை மாற்றுவது சற்று நுட்பமானது. லானா கராசிக், கேத்தரின் தாமிஸ்-லெமோண்டா, கேரன் அடால்ஃப் ஆகியோர் 2015இல் ஆறு நாடுகளின் ஐந்து மாதக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். அமெரிக்கா, இத்தாலி, தென்கொரியா போன்ற நாடுகளில் குழந்தைகள் பெரும்பாலும் தாயின் பிடியிலோ சாய்மானமுள்ள குழந்தை நாற்காலியிலோ உட்கார்ந்தார்கள். கென்யாவிலும் கேமரூனிலும் தரையிலும் பெரியவர்களின் இருக்கைகளிலும் ஆதாரமின்றி உட்கார்ந்தார்கள். சிலர் 20 நிமிடத்துக்கும் மேலாகத் தனியே உட்கார்ந்திருந்தார்கள். தாய் கையெட்டும் தூரத்தை விட்டு நகரலாம் என்ற நிலை உருவாகும்போது, அவர் குழந்தையிடம் பேசும் தூரமும் தொடும் தடவைகளும் மாறுகின்றன.

தள்ளுவண்டி இன்னொரு சான்று. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 2,722 பெற்றோர்-குழந்தை இணைகள் தெருவில் கவனிக்கப்பட்டன. குழந்தை தள்ளுபவரைப் பார்த்து உட்காரும் வண்டிகளில், வெளிப்புறம் பார்க்கும் வண்டிகளைவிட இரண்டு மடங்குக்கும் மேலானோர் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இருக்கையைத் திருப்பி வைத்ததே பேச்சைக் கூட்டியது.

இந்த வெளிச்சத்தில் தமிழ் வீட்டின் இரண்டு பழக்கங்களைக் கூர்ந்து பார்க்கலாம். முதலாவது தூளி. பழைய பருத்திச் சேலையை உத்தரத்திலோ விட்டத்துக் கொக்கியிலோ கட்டி, நடுவில் சிறு கம்பு கொடுத்து விரித்து, குழந்தையைப் படுக்க வைப்பார்கள். இரண்டு பக்கமும் துணி ஏறி நிற்பதால் குழந்தையின் முகம் வெளியே தெரியாது. ஒரு கயிற்றைத் தூளியில் கட்டி மறுமுனையைக் கையிலோ கால் விரலிலோ மாட்டிக்கொண்டு தாய் காய் நறுக்குவார், பூக் கட்டுவார். அப்போது கண்வழித் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆனால் அசைவும் குரலும் தொடர்கின்றன. குழந்தை முனகினால் கயிறு இழுபடுகிறது. அழுதால் பாட்டு எழுகிறது. முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதை மட்டுமே பதிவுசெய்யும் ஆய்வாளர் அந்த அரை மணி நேரத்தை வெறுமை என்றுதான் குறிப்பார்.

இரண்டாவது, குளிப்பாட்டு. பாட்டி புறவாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, கால்களை நீட்டிக்கொள்கிறார். இரண்டு காலின் சந்தில் குழந்தை மல்லாந்து கிடக்கிறது. எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, கை கால்களைக் குறுக்காக மடக்கி விரித்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி முடியும் வரை அவர் வாய் ஓயாது. குழந்தையின் கண் அவர் முகத்தின் மீதே நிற்கிறது. தொடுதல், பார்வை, குரல் மூன்றும் ஒரே நேரத்தில் கூடும் இந்த அரை மணி நேரத்துக்குத் தேவையானவை: காலை நீட்டி உட்காரும் அளவு தரை, தாராளமான வெந்நீர், அவசரமில்லாத மூத்த பெண். அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலுக்கு ஆறு அடிக் குளியலறைக்கு வந்ததும் இந்தப் பழக்கம் பிளாஸ்டிக் தொட்டிக்கும் அவசரத்துக்கும் மாறிவிடுவதை நகரக் குடும்பங்கள் அறியும்.

வீட்டின் இடங்களுக்கும் சொற்களுக்கும் உள்ள உறவை அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தைச் சேர்ந்த டெப் ராய் வேறொரு கோணத்தில் காட்டினார். தன் வீட்டில் 11 கேமராக்களையும் 14 ஒலிவாங்கிகளையும் பொருத்தி, மகன் பிறந்தது முதல் மூன்று வயதுவரை பதிவுசெய்தார். 2015இல் அவருடைய குழு வெளியிட்ட முடிவுகளின்படி, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேளையில், குறிப்பிட்ட பேச்சுச் சூழலில் திரும்பத் திரும்ப வந்த சொற்களைக் குழந்தை முன்னதாகவே சொல்லக் கற்றது. எத்தனை தடவை கேட்டது என்பதைவிட, எங்கே எப்போது கேட்டது என்பது வலுவான குறியாக இருந்தது. சமையலறைக்கு ஒரு பேச்சு, குளியலுக்கு ஒரு பேச்சு, உறக்கத்துக்கு ஒரு பேச்சு என்று அன்றாடம் பிரிந்திருக்கும் வீடு மொழியையும் குழந்தைக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரே வீட்டின், ஒரே குழந்தையின் சான்று இது என்பதை மறக்கலாகாது.

5. பேச்சு ஒன்றே அளவுகோலா?

மேலே கண்ட ஆய்வுகளில் பல, பெற்றோரின் பேச்சையே நல்ல உறவின் அடையாளமாகக் கொள்கின்றன. இந்த முன்முடிவுக்குப் பெரும் வலு சேர்த்தது பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் கன்சாஸில் 42 குடும்பங்களை ஆராய்ந்து 1995இல் எழுதிய நூல். வசதியான குடும்பத்துக் குழந்தைக்கும் அரசு உதவியில் வாழும் குடும்பத்துக் குழந்தைக்கும் நான்கு வயதுக்குள் 3 கோடிச் சொற்கள் வித்தியாசம் என்ற அவர்களின் மதிப்பீடு உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த 42இல் உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்கள் வெறும் ஆறு. 2019இல் டக்ளஸ் ஸ்பெர்ரி முதலானோர் ஐந்து அமெரிக்கச் சமூகங்களின் பதிவுகளை ஆராய்ந்து, தாய் தவிர்த்த பிறரின் பேச்சையும் குழந்தையின் காதில் விழும் சுற்றுப் பேச்சையும் சேர்த்தால் அந்த இடைவெளி அப்படியே நிற்பதில்லை என்று காட்டினார்கள். குழந்தையை நோக்கிப் பேசும் பேச்சே கற்றலுக்கு முக்கியம் என்று மறுதரப்பு பதில் சொன்னது. விவாதம் முடியவில்லை.

மானுடவியல் சான்றுகள் இதை இன்னும் விரிவாக்குகின்றன. பப்புவா நியூ கினியின் கலூலி மக்களிடையே தாய் கைக்குழந்தையைத் தன் முகம் பார்க்க வைப்பதில்லை. வெளியே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, குழந்தையின் குரலில் தானே மற்றவர்களோடு பேசுகிறார் என்று பாம்பி ஷீஃபலினும் எலினார் ஓக்ஸும் 1984இல் விவரித்தார்கள். கென்யாவின் குசீ தாய்மாரைப் பாஸ்டன் தாய்மாரோடு ஒப்பிட்ட ராபர்ட் லெவைன், குசீ தாய் குழந்தையின் அழுகைக்கு உடனே எழுந்து அமைதிப்படுத்துகிறார், ஆனால் குழந்தையோடு உரையாடுவது குறைவு என்று கண்டார். ஹைடி கெல்லர் கேமரூனின் ந்சோ வேளாண் குடும்பங்களில் உடல் நெருக்கமும் அசைவும் முதன்மை பெறுவதையும், ஜெர்மானிய நகரக் குடும்பங்களில் முகம் பார்த்தலும் பொருள்களைக் காட்டிப் பேசுதலும் முதன்மை பெறுவதையும் பதிவுசெய்தார். மெக்சிகோவின் செல்டால் மாயா கிராமத்தில் 10 குழந்தைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரை, அவர்களை நோக்கிப் பேசப்பட்ட நேரம் மணிக்குச் சராசரி 3.6 நிமிடம் மட்டுமே என்கிறது. அக்குழந்தைகள் மொழியின் முக்கியமான படிகளை உரிய வயதிலேயே எட்டினார்கள்.

தமிழ்ச் சூழலில் மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட கூட்டுக் குடும்ப ஆய்வு, குழந்தை ஒரே பெண்ணிடம் ஒட்டிக்கொள்ளாதபடி பல பெண்களின் மடியில் வளர்க்கப்படுவதையும், தாய் தன் பிள்ளை மீதுள்ள பாசத்தைப் பிறர் முன் அடக்கிக்கொள்வதையும் விரிவாகப் பேசுகிறது. மாமியார், நாத்தனார் முன்னிலையில் தன் குழந்தையைக் கொஞ்சத் தயங்கும் மருமகளைப் பார்வையாளர் ஒருவர் ஒரு மணி நேரம் கவனித்தால், முத்தமிட்டாரா என்ற வினாவுக்கு இல்லை என்றுதான் குறிப்பார். அந்த விடையில் பதிவாவது பாசத்தின் பற்றாக்குறை அன்று, வீட்டின் அதிகாரப் படிநிலை.

6. வேலூர் வழியாக ஒரு சோதனை

அளவுகோலின் இந்தச் சிக்கல் உண்மையான களத்தில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 'மால்-எட்' என்ற பன்னாட்டு ஆய்வு எட்டு இடங்களில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. டாக்கா, பக்தபூர், ஃபோர்ட்டலேசா போன்ற இடங்களோடு வேலூரும் அவற்றுள் ஒன்று. எட்டு இடங்களிலும் 'ஹோம்' அளவீட்டின் வடிவம் ஒன்று பயன்படுத்தப்பட்டது. எட்டிலும் அது ஒரே பொருளைத்தான் அளக்கிறதா என்று 2017இல் வெளியான பகுப்பாய்வு பரிசோதித்தது.

மூல வடிவத்தின் ஆறு பிரிவுகள் அப்படியே நிற்கவில்லை. எல்லா இடங்களிலும் ஒத்துநின்றவை மூன்று கூறுகள்தான்: பெற்றோர் உணர்வாலும் பேச்சாலும் தரும் மறுமொழி, வீட்டின் தூய்மையும் பாதுகாப்பும், குழந்தையின் தூய்மை. புத்தகங்கள், பொம்மைகளின் வகைகள் முதலான வினாக்கள் அமெரிக்க நடுத்தர வீட்டின் அடையாளங்களாகச் சுருங்கிப்போயின. இந்த முடிவு இரண்டு திசைகளில் பாடம் சொல்கிறது. மறுமொழி என்பது பண்பாடுகளைக் கடந்து அடையாளம் காணக்கூடியது. ஆகவே எல்லாம் பண்பாட்டைப் பொறுத்தது என்று கைகழுவ முடியாது. அதே சமயம், அந்த மறுமொழியைச் சுமக்கும் பொருள்கள் ஊருக்கு ஊர் வேறு; ஆகவே ஒரு நாட்டின் வீட்டுப் பட்டியலை இன்னொரு நாட்டின் தாய்க்கு மதிப்பெண் போடப் பயன்படுத்துவது நியாயமும் அன்று, அறிவியலும் அன்று.

7. காரணமா, உடன்நிகழ்வா?

ஒரு தீவிரமான மறுப்பு எஞ்சியிருக்கிறது. சுறுசுறுப்பான பெற்றோர் ஒழுங்கான வீட்டையும் அமைக்கிறார்கள், குழந்தையிடமும் நிறையப் பேசுகிறார்கள். வீடு எதையும் செய்யவில்லை என்று ஒருவர் வாதிடலாம். கொலராடோ தத்தெடுப்பு ஆய்வு இதற்கு ஓரளவு ஆதரவு தருகிறது. ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளுக்கு முதல் இரண்டு வயதில் கிடைத்த 'ஹோம்' மதிப்பெண்கள், தத்தெடுக்கப்பட்ட இணைகளைவிட இரத்த உறவு இணைகளில் அதிகம் ஒத்திருந்தன. பெற்றோர் நடந்துகொள்ளும் விதத்தில் குழந்தையின் இயல்புக்கும் பங்கு உண்டு என்று இதற்குப் பொருள்.

வீட்டை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டுப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும். மெக்சிகோவின் கோவாவிலா மாநிலம் அதற்கு வாய்ப்பளித்தது. 'பிசோ ஃபிர்மே' என்ற திட்டத்தின் கீழ் ஏழை வீடுகளின் மண் தரைக்கு அரசு சிமெண்ட் தளம் போட்டுக் கொடுத்தது. மாநில எல்லைக்கு அப்பால் இருந்த அதே போன்ற குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை. மத்தியாஸ் கத்தனேயோ முதலானோர் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளுக்கு ஒட்டுண்ணித் தொற்றும் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் குறைந்திருந்தன. அறிவு வளர்ச்சி மேம்பட்டிருந்தது. தாய்மாரிடம் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. அந்தத் தாய்மாருக்கு யாரும் குழந்தை வளர்ப்புப் பாடம் எடுக்கவில்லை. கீழே விட்டால் நோய் வரும் என்ற அச்சமில்லாத தரை மட்டுமே புதிதாக வந்தது.

பெற்றோருக்குப் பயிற்சி தரும் திட்டங்களும் பலன் தருகின்றன என்பதை மறுக்க முடியாது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்கிரெகர் தொடங்கிய முயற்சியில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் சுகாதாரப் பணியாளர் சென்றார். வீட்டில் செய்த பொம்மைகளைக் கொண்டு தாயும் குழந்தையும் விளையாடக் கற்றுக்கொடுத்தார். 20 ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளின் வருமானம் 25 சதவீதம் கூடியிருந்ததாக 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. ஒடிசாவின் கட்டாக் நகரில் 54 குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளிடையே 18 மாதம் நடந்த இதேபோன்ற திட்டமும் அறிவு வளர்ச்சியில் முன்னேற்றம் காட்டியது.

இத்திட்டங்கள் வீட்டுச் சூழல் விதி அன்று என்பதை நிறுவுகின்றன. ஆனால் அவை எப்படி வேலை செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். பணியாளர் வாரந்தோறும் வந்து அமர்ந்ததால் தாய்க்கு மற்ற வேலையிலிருந்து ஒரு மணி நேரம் ஒதுங்கிக் கிடைத்தது. குழந்தையின் கையில் புதிய பொருள் வந்தது. குழந்தையோடு விளையாடுவதும் வேலைதான் என்ற அங்கீகாரம் வீட்டாரின் கண்முன் கிடைத்தது. அறிவுரையோடு நேரமும் பொருளும் மரியாதையும் உள்ளே வந்தன. அவை மூன்றும் சூழலின் கூறுகளே.

8. தாயின் நாள், வீட்டின் வரைபடம்

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இங்கு இன்றியமையாதது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடங்கள், ஆண்கள் 76. சமையலும் துவைப்பும் தண்ணீரும் விழுங்கும் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சும் நேரத்தில்தான் குழந்தையின் முகம் பார்த்துப் பேசச் சொல்லித் தாயிடம் கேட்கிறோம். தந்தையின் பங்கு கூடாமல், குழாய் வீட்டுக்குள் வராமல், இந்தக் கோரிக்கை நிறைவேறாது.

கிராமப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் ஒரு வீட்டுக்குச் சமையலிடத்தையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர் என்று வரையறுக்கிறது. தமிழ்நாட்டின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அது 360 சதுர அடி. இந்த எண்களைத் தீர்மானிக்கும்போது செலவும் நிலமும் பேசப்படுகின்றன; கைக்குழந்தை தவழும் தரை பேசப்படுவதில்லை. பாட்டி கால் நீட்டிக் குளிப்பாட்டும் புறவாசலும், இரைச்சலிலிருந்து தாயும் குழந்தையும் விலகியிருக்கும் இரண்டாவது அறையும், தூளி கட்டும் கொக்கியும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்க ஆய்வுலகில் போதுமான சான்று இப்போது இருக்கிறது. மலையகத்தில் லயன்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டும் முயற்சிகளுக்கும் பிள்ளைக் காம்பராக்களின் தரத்துக்கும் இது பொருந்தும்.

தமிழ் வீடுகளைப் பற்றிய அடுத்த கட்ட ஆய்வு தாயிடமிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்கினால் நல்லது. தூளியில் கிடக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் குரலும் அசைவும், பாட்டியும் அக்காளும் அண்டை வீட்டாரும் பேசும் பேச்சும் பதிவாக வேண்டும். திரை ஓடும் நேரம், யார் அதை இயக்குகிறார் என்ற விவரத்தோடு குறிக்கப்பட வேண்டும். தாய் எத்தனை சொற்கள் பேசினார் என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அன்று அவர் எத்தனை குடம் தண்ணீர் சுமந்தார், அந்த நேரத்தில் தந்தை எங்கே இருந்தார் என்ற விவரமும் அதே தாளில் ஏற வேண்டும்.